ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை: எந்தப் பழக்கம் நிலைக்கிறது, எது நிற்பதில்லை? தருமபுரி, கிருஷ்ணகிரி அனுபவப் பகிர்வு

பென்னாகரம் ஆசிரியை

சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும் என்பதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட ஒப்பிக்கும். மணி அடித்ததும் அதே பிள்ளை தட்டைத் தூக்கிக்கொண்டு நேராகச் சோற்று வரிசைக்கு ஓடும். சொல்லிக் கொடுத்தது போதாமல் இல்லை. பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதில்லை, அதற்கென்று நேரமும் ஒதுக்குவதில்லை. நம் இரண்டு மாவட்டப் பள்ளிகளில் எது வேலை செய்கிறது, எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது என்று அளவு, கணக்கோடு எழுதுங்கள். பொதுவான அறிவுரை ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

கை கழுவுவதில் தொடங்குகிறேன். 80 பிள்ளைகள், 4 குழாய் என்றால் ஒரு குழாய்க்கு 20 பேர். ஒருவர் குழாயடியில் நின்றே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ 40 விநாடி ஆகும். கடைசிப் பிள்ளைக்கு 13 நிமிடம் காத்திருப்பு. பசியோடு இருக்கும் ஏழு வயதுப் பிள்ளை நிற்காது, நிற்கச் சொல்வதும் நியாயமில்லை. அதனால் மூன்று இடமாகப் பிரிக்க வேண்டும்: குழாயில் கையை நனைப்பது, நகர்ந்து சுவரோரம் நின்று சோப்புத் தேய்ப்பது, திரும்பி வந்து அலசுவது. குழாய் ஒருவருக்கு 10, 15 விநாடிதான் தேவைப்படும். அதே 80 பேர் 5 நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். தண்ணீரும் மிச்சம். சாப்பாட்டு மணிக்கு 5 நிமிடம் முன்பே ஒரு சின்ன மணி அடித்தால் போதும்.

சோப்பைத் திண்ணையில் வைத்தால் இரண்டே நாளில் கரையும், இல்லாவிட்டால் காக்கா தூக்கிப் போகும். வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டுச் சுவரில் கட்டித் தொங்கவிடுங்கள். வலையோடு சேர்த்துத் தேய்த்தாலே நுரை வரும், காற்றில் காய்ந்தும்விடும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் மார்பு உயரத்துக்குக் கட்ட வேண்டும். நம் உயரத்துக்குக் கட்டிவிட்டு "யாரும் சோப்பு போடறதில்லை" என்று குறைபடுவது எத்தனையோ பள்ளிகளில் நடக்கிறது. சின்னப் பிள்ளைகள் கட்டைவிரலையும் நகக்கண்ணையும் கட்டாயம் விட்டுவிடுவார்கள். அந்த இரண்டை மட்டும் பார்த்தால் போதும், மற்றதைத் தானாகத் தேய்த்துவிடுவார்கள்.

பல் மருத்துவர், கிருஷ்ணகிரி

டீச்சர், நல்ல தொடக்கம். பல்லைப் பற்றிப் பேசும்போது இந்த ஊர்த் தண்ணீரை விட்டுவிட்டுப் பேச முடியாது. பாறையைத் துளைத்து எடுக்கும் போர் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளூரைடு என்ற உப்பு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேலான தண்ணீரைச் சின்ன வயதில் குடித்து வளர்ந்த பிள்ளைக்கு, ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமல் பழுதாகும். பல் வெளியே வருவது 6, 7 வயதில். சேதம் நடந்தது அதற்குப் பல ஆண்டுகள் முன்னால். முன்பற்களுக்கு முதல் மூன்று நான்கு வயதுதான் முக்கியமான காலம். பால்பல் வெள்ளையாக இருந்த பிள்ளைக்கு இரண்டாம் வகுப்பில் திடீரென்று சுண்ணாம்புக் கோடும், போகப்போகக் காவித் திட்டும் தெரிவதற்கு இதுதான் காரணம்.

இதைப் பல் தேய்க்காத அழுக்கு என்று நினைத்துச் செங்கல் பொடி, அடுப்புச் சாம்பல், உப்பு என்று தேய்க்க வைக்கிறார்கள். கறை உள்ளே இருக்கிறது, தேய்த்தால் போகாது. எனாமல் தேய்ந்து கூச்சம்தான் மிஞ்சும்.

வகுப்பறையில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். "பல்லைப் பாரு, காவி" என்று கூட்டத்தில் சொல்லாதீர்கள். சொல்லப்பட்ட பிள்ளை அடுத்த நாளிலிருந்து கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறது, வாய்விட்டுப் படிப்பதையும் நிறுத்திவிடுகிறது. மூன்றாம் வகுப்பிலேயே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடலாம்: இது தண்ணீரால் வருவது, யாருடைய தப்பும் இல்லை. காரணம் தெரிந்த பிள்ளைகள் கேலி செய்வது குறைகிறது.

தேய்க்கும் அளவு: 3 வயதிலிருந்து 6 வயது வரை பட்டாணி அளவு பேஸ்ட். விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுக்க வைக்கக் கூடாது, சின்னப் பிள்ளை பாதியை விழுங்கிவிடும். துப்பக் கற்றுக்கொடுத்த பிறகுதான் பிரஷைத் தனியாகக் கையில் கொடுக்க வேண்டும். இரண்டு நிமிடம், காலை ஒரு முறை, இரவு படுக்கும் முன் ஒரு முறை. ஒன்றை மட்டும்தான் காப்பாற்ற முடியும் என்றால் இரவைக் காப்பாற்றுங்கள். தூங்கும்போது எச்சில் சுரப்பது குறையும், ஒட்டிய தின்பண்டம் இரவெல்லாம் பல்லை அரிக்கும்.

ஊத்தங்கரை அம்மா

டாக்டர், தண்ணியக் கொதிக்க வச்சு ஆற வச்சுக் குடுத்தா ஃபுளூரைடு போயிடுமா? எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க.

பல் மருத்துவர், கிருஷ்ணகிரி

போகாதும்மா. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃபுளூரைடு அப்படியே இருக்கும், தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். மெழுகுவர்த்தி போன்ற வடிகட்டி வைத்த ஃபில்டரும் இதை எடுக்காது, ஆர்.ஓ. எடுக்கும். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத் தண்ணீர், மற்றதற்குப் போர் தண்ணீர் என்று குடத்தைப் பிரித்து வைப்பதுதான் நடக்கிற காரியம். சமையல் தண்ணீரை மறந்துவிடாதீர்கள், களியும் சோறும் அதே தண்ணீரைத்தான் குடிக்கின்றன. சின்னப் பிள்ளைக்குக் கறுப்பு டீ வேண்டாம், தேயிலையிலும் ஃபுளூரைடு உண்டு. கால்சியம் சேர்ந்தால் உடம்பு ஃபுளூரைடை உறிஞ்சுவது குறையும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. களியைப் பழைய காலத்துச் சாப்பாடு என்று தள்ளிவிட்டு பிஸ்கட் வாங்கிக் கொடுப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

பாலக்கோடு தலைமை ஆசிரியர்

டாக்டர் சொன்ன குடம் பிரிப்பதைப் பள்ளியிலும் செய்ய வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்து 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. திட்டத்தின் பெயரிலேயே ஃபுளூரோசிஸ், அதாவது ஃபுளூரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடும் பாதிப்பைக் குறைப்பது என்று இருக்கிறது. ஆனால் வளாகத்தில் இரண்டு தண்ணீரும் இருந்தால் பிள்ளை எது பக்கத்தில் இருக்கிறதோ அதில்தான் வாய் வைக்கும். குடிநீர்க் குழாய்க்கு நீல பெயிண்ட், போர் குழாய்க்குச் சிவப்பு. எழுதி ஒட்டினால் ஒன்றாம் வகுப்புக்குப் படிக்கத் தெரியாது. சிவப்புக் குழாயை விளையாட்டுத் திடலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஓடி விளையாடி வரும் பிள்ளை நிறம் பார்க்காது.

குடிநீர் வராத நாளில் அதே மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரை ஏற்றிவிடும் ஊர்களும் உண்டு. டேங்க் ஆபரேட்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துப் பார்க்கலாம். கழுவிய பிளாஸ்டிக் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, எந்தக் குழாய், எந்தத் தேதி என்று எழுதிக் கொடுங்கள்.

இப்போது தண்ணீர் குடிக்க மணி அடிக்கிறோம். நல்ல ஏற்பாடு. ஆனால் பெண் பிள்ளைகள் மணி அடித்தாலும் ஒரு மடக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்றால் கழிவறையைப் போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் எட்டாத உயரத்தில் இருக்கும், அல்லது உள்ளே மக் இருக்காது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தரையிலிருந்து 90 சென்டிமீட்டருக்குள் தாழ்ப்பாள் வேண்டும். மதியத்துக்குப் பிறகு தலைவலி, அடிவயிற்று வலி என்று வரும் பெண் பிள்ளைகளில் பலருக்குக் காரணம் இதுதான். தண்ணீர் மணி அடித்துக் கால் மணி நேரம் கழித்து, கேட்காமலே வகுப்பை வெளியே விடுங்கள். "மிஸ், ஒன்னுக்கு" என்று நாற்பது பேர் முன்னால் கேட்கக் கூச்சப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கிராம சுகாதார செவிலியர், அரூர் பக்கம்

மாத்திரை பத்தி ரெண்டு விஷயம். குடற்புழு மாத்திரை பிப்ரவரியிலயும் ஆகஸ்ட்லயும் வரும், அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். முழுங்கச் சொல்லாதீங்க, நல்லா மென்னு சாப்பிட்டுத் தண்ணி குடிக்கணும். காய்ச்சல் இருக்கற பிள்ளைக்கு அன்னிக்கு வேணாம், விடுபட்டவங்களுக்குன்னு இன்னொரு நாள் இருக்கு. புழு நிறைய இருக்கற பிள்ளைக்கு லேசா வயித்து வலி, குமட்டல் வரலாம். முன்னாடியே வீட்ல சொல்லிடணும். சொல்லலைன்னா "ஸ்கூல்ல மாத்திரை குடுத்துப் பிள்ளைக்கு ஆகாமப் போச்சு"ன்னு பேச்சு கிளம்பி, அடுத்த தடவை பாதிப் பேரு அன்னிக்கு ஸ்கூலுக்கே வர மாட்டாங்க.

வாரம் ஒண்ணு குடுக்கற இளஞ்சிவப்பு மாத்திரை இரும்புச்சத்துக்கு. 45 மில்லிகிராம் இரும்பு, 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான், வெறும் வயித்துல வேணவே வேணாம். மலம் கறுப்பாப் போகும், பயப்பட ஒண்ணுமில்ல. டீயோட சேர்த்தா சத்து ஒட்டாது. நெல்லிக்காய், கொய்யா சேர்ந்தா நல்லா ஒட்டும். மாத்திரை குடுத்துட்டு செருப்பில்லாம வெளிய அனுப்பினா கொக்கிப்புழு கால் வழியா திரும்ப ஏறிடும். கழிவறைக்குப் போறதுக்குன்னே வாசல்ல ரெண்டு மூணு ஜோடி ரப்பர் செருப்பு போட்டு வைங்க.

சத்துணவு அமைப்பாளர், காரிமங்கலம்

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு, பிரார்த்தனையில் மயங்கி விழும் பிள்ளைகள் குறைந்திருக்கிறார்கள். எங்களுக்கு இருக்கும் தொல்லை மிச்சம் வைப்பது. கிச்சடியில் காயை ஒதுக்குவார்கள், பொங்கலில் மிளகை ஒதுக்குவார்கள். முதல் தடவை அரைக் கரண்டி மட்டும் வைத்து, கேட்டால் இரண்டாவது முறை போடுவது என்று மாற்றினால் குப்பைக்குப் போவது வெகுவாகக் குறைகிறது. தட்டு நிறையக் கண்டாலே சின்னப் பிள்ளைக்குப் பாதிப் பசி போய்விடும். காயைப் பெரிய துண்டாக நறுக்கினால் பொறுக்கி எடுத்துவிடும், பொடியாக நறுக்கினால் சாப்பிட்டுவிடும். "முழுக்கச் சாப்பிட்டாத்தான் எழுந்திரிக்கணும்" என்று உட்கார வைக்காதீர்கள். அடுத்த நாள் அந்தப் பிள்ளை வாங்கவே வராது.

தேன்கனிக்கோட்டை ஆசிரியர்

எங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் அதிகம். சுவரில் தமிழில் எழுதிய விதிமுறை ஒன்றாம் வகுப்பில் யாருக்கும் எட்டாது. செய்து காட்டுவது ஒன்றே வழி.

குணத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். ஆள் இல்லாமல் பிள்ளைகளே காசு போட்டுப் பொருள் எடுத்துக்கொள்ளும் நேர்மைக் கடை பல பள்ளிகளில் தொடங்கி ஒரு மாதத்தில் மூடப்படுகிறது. நடத்துவது சுலபம்தான். 20 பென்சில், 10 ரப்பர், 10 ஷார்ப்னர், எல்லாமே 5 ரூபாய். மொத்தம் 200 ரூபாய்க்குச் சரக்கு. விலையை 3, 7 என்று வைத்தால் சில்லறை இல்லாமல்தான் கணக்கு முதலில் கெடும். ஆள் யாரும் நிற்கக் கூடாது. தினமும் மாலை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் எண்ணி, இருக்க வேண்டிய பணம் எவ்வளவு, இருப்பது எவ்வளவு என்று பலகையில் எழுதுவார்கள்.

முதல் வாரம் பணம் குறையும். இங்கேதான் பெரியவர்கள் தப்பு செய்கிறோம். பையைச் சோதிப்பது, "யாருடா திருடினது" என்று பிரார்த்தனையில் கேட்பது. அதோடு கடை முடிந்தது. குறைவதற்குப் பெரும்பாலும் காரணம், நாளைக்குக் காசு கொண்டு வரலாம் என்று எடுத்த பிள்ளை மறந்துபோவது. கடைக்குப் பக்கத்தில் நூலில் கட்டிய பென்சிலோடு ஒரு கடன் நோட்டு வைத்தால் அவர்களே பெயர் எழுதுகிறார்கள், காசு கொண்டு வந்ததும் அவர்களே பெயரைக் கோடு போட்டு அடித்துவிடுகிறார்கள். காசே இல்லாத பிள்ளைக்கு, மேசை துடைப்பதற்கோ செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கோ ஒரு பென்சில் என்று ஒரு வழி வையுங்கள். அது இல்லாமல் நேர்மையைச் சோதிப்பது ஏழைப் பிள்ளையை மட்டும் சோதிப்பதாகிவிடும்.

பொய்யும் இப்படித்தான். ஆறு ஏழு வயதுப் பொய்யில் முக்கால்வாசி பயம். "யார் உடைச்சது?" என்று கேட்டால் நாற்பது பேரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். "ஸ்கேல் உடைஞ்சிருக்கு, இப்ப என்ன பண்ணலாம்?" என்று கேளுங்கள், உடைத்தவனே டேப் தேடிக்கொண்டு வருவான். உண்மையைச் சொன்ன பிள்ளையை அன்றைக்கு அடித்தால் அது ஆண்டு முழுக்க வாயைத் திறக்காது. அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவிலேயே தடை செய்யப்பட்டவை. பாராட்டும்போது "நல்ல பையன்" என்று பொதுவாகச் சொல்வதில் பிள்ளைக்குப் பிடிமானம் ஏதுமில்லை. "கேட்காமலே அவனுக்கு ரப்பர் குடுத்தியே" என்று செய்ததைச் சொல்லுங்கள். அடுத்த முறை எதைச் செய்யலாம் என்று அதற்குத் தெரிந்துவிடும்.

மொரப்பூர் தன்னார்வலர்

சார் சொன்னது எல்லாம் பள்ளிக்குள். அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் நம் மாவட்டத்தில் எவ்வளவு பேர்! பாட்டிக்குக் கண் சரியில்லை, அதட்ட மனசும் வராது. அழுதால் பத்து ரூபாய் கொடுத்துவிடுவார். பத்து ரூபாய்க்கு மசாலா பாக்கெட் இரண்டு வரும். பாட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. வேகவைத்த நிலக்கடலை, கொய்யா, பொரி உருண்டை என்று வீட்டிலேயே இருப்பதை மாலை நாலரைக்குள் கையில் கொடுத்துவிட்டால் கடைக்கு ஓடுவது பாதியாகக் குறையும். பிள்ளை வீடு வந்து அரை மணி நேரம் கழித்துத்தான் அந்தப் பத்து ரூபாய் கேட்கும்.

இரவு அம்மா வீடியோ காலில் வருவார், பேசி முடித்ததும் போன் பிள்ளை கையில் தங்கிவிடும். அதில்தான் தூங்கப் பத்து மணி ஆகிறது. அம்மாமாரிடம் சொல்லிப் பார்க்கும்போது நன்றாக நடக்கும் ஒரு வழி: எட்டு மணிக்குப் பேச்சு, கடைசி இரண்டு நிமிடம் பிள்ளை போனுக்கு முன்னால் பல் தேய்ப்பது. அம்மா பார்த்துக்கொண்டிருப்பார். தேய்த்து முடித்து வாய் கொப்பளித்து, பிள்ளையே போனைப் பாட்டியிடம் கொடுத்து "வைக்கறேன்மா" என்று சொல்ல வேண்டும். போனை வாங்கி வைப்பது பாட்டியின் வேலை என்றால் சண்டை வரும்.

பென்னாகரம் ஆசிரியை

மொரப்பூர் தம்பி, இதை அடுத்த பெற்றோர் கூட்டத்திலேயே சொல்கிறேன். டாக்டர், இன்னொரு கேள்வி. பால்பல்தானே, விழுந்துவிடும் என்று சொத்தையை விட்டுவிடுகிறார்களே?

பல் மருத்துவர், கிருஷ்ணகிரி

அதில்தான் ஏமாறுகிறார்கள் டீச்சர். ஆறு வயதில் பால்பல் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, மேலே இரண்டும் கீழே இரண்டுமாகக் கடைவாய்ப்பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். விழாமல் வந்ததால் பால்பல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். பள்ளம் நிறைந்த பல், பிரஷ் எட்டாது, எளிதில் சொத்தையாகும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லுங்கள். பின்னால் கறுப்புப் புள்ளியோ குழியோ தெரிந்தால் வலி வரும்வரை காத்திருக்காமல் அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கு அனுப்புங்கள். குழி சின்னதாக இருக்கும்போது அடைத்துவிடலாம், வலி வந்த பிறகு பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும்.