வார்டு குழுவில் இருந்த அக்காமார் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வார்டு மக்களின் தேவைகளை நகராட்சிக்கு எடுத்துச் சொல்லும் வார்டு குழுவுக்கு என் பெயரைக் கொடுக்கும்படி கோயில் மாதர் சங்கத்தார் விடாமல் நெருக்குகிறார்கள். திருவிழாவுக்கு நூறு பேருக்குச் சோறு வடிப்பவளுக்குப் பத்துப் பேர் கூட்டம் எம்மாத்திரம் என்பது அவர்கள் வாதம்!

சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். 1998ஆம் ஆண்டின் நகராட்சிக் கட்டமைப்புச் சட்டப்படி, வார்டு கவுன்சிலர் தலைமையில், அவரைத் தவிர அதிகபட்சம் 10 பேர். பெண்களுக்கு உரிய பங்கு இருக்க வேண்டியதையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. ஆனால் குழுவின் முக்கிய வேலை பரிந்துரை செய்வதுதான். இங்கேதான் எனக்குத் தயக்கம். யோசனை சொல்லிவிட்டு வெறுங்கையோடு வருவதற்கா மாலைப் பொழுதைக் கொடுப்பது? ஆனால் 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு, தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்கக்கூட ஆளில்லாமல் குடத்தோடு நின்றது நினைவுக்கு வருகிறது.

1946இல் இந்தியர்களின் நில உரிமையைக் கட்டுப்படுத்திய சட்டத்துக்கு எதிரான சாத்விக எதிர்ப்பில் சிறைக்குப் போன டர்பன் பெண் மருத்துவர் டாக்டர் குணத்தைப் பற்றிப் பாட்டி பெருமையாகச் சொல்வார். நான் ஒரு கூட்டத்துக்கே இத்தனை யோசிக்கிறேன்!

குழுவில் இருந்தவர்கள் ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள். நீங்கள் பரிந்துரைத்ததில் ஒன்றாவது நடந்ததா? நீங்கள் பேசியது கூட்டக் குறிப்பில் ஏறியதா, அல்லது தேநீர் ஊற்றும் வேலைதான் கிடைத்ததா? இரவுக் கூட்டம் முடிந்து எப்படி வீடு திரும்பினீர்கள்? என் கணவருக்கு இரவு வேலை, காரும் அவரோடு போய்விடும். பெயர் கொடுக்க அடுத்த வெள்ளிதான் கடைசி நாள்.