தம்பி கூர்நோக்கு இல்லத்துல இருக்கான், கையில காயம் பாத்தேன், யார்கிட்ட சொல்றது?

காரைக்குடிப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்கு 16 வயசு. பத்தாவதோட படிப்ப விட்டுட்டு தரைக்குப் போடுற ஆத்தங்குடி கல்லு செய்யற பட்டறைல வேலை பாத்தான். மஞ்சுவிரட்டு பாக்கப் போன எடத்துல தகராறாகி ஒருத்தருக்கு மண்டை ஒடஞ்சிருச்சு, கும்பல்ல இவனும் இருந்தான்னு கேஸு. கேஸுல மாட்டுன சின்னப் பசங்கள வைக்கிற வெளியூர் இல்லத்துல போட்டு 23 நாளாச்சு. அப்பா சிங்கப்பூர்ல, அம்மா இல்ல, நானும் அப்பத்தாவுந்தான் பாக்கப் போறோம்.

போன வாரம் போனப்ப இந்த வெயில்ல முழுக்கை சட்டை போட்டிருந்தான். கெளம்பையில அப்பத்தா அவன் கையப் புடிச்சுச்சு, சட்டை மேல ஏறிருச்சு, முழங்கைக்குக் கீழ காஞ்ச காயம், ஒண்ணு ரெண்டு இல்ல. சட்டுனு எறக்கி விட்டுட்டு கொசுக்கடிக்கா, சொறிஞ்சுட்டேன்னான். கலர் சிமெண்ட் ஒட்டி அந்த நகக்கண்ணு எப்பவும் பச்சையும் மஞ்சளுமா இருக்கும், இப்ப வெளுத்துப்போயி யாரோ கை மாதிரி இருக்கு.

ஆபீஸ்ல சொன்னா அடிப்பாங்களோ, தனியா பூட்டி வச்சுருவாங்களோ, இவன் ஒரு மாதிரின்னு எழுதி பெயில் தராம விட்டுருவாங்களோன்னு பயமா இருக்கு. எங்க பெரியப்பா என்னடான்னா வெளிய வர்றதுக்கு நடிக்கிறான்னு சொல்றாரு. என்ன செய்யட்டும்?

பழைய கவுன்சிலர்:
தங்கச்சி, இந்த மாதிரி இல்லங்கள்ல சில வருஷம் வேலை பாத்தவங்கிற முறையில சொல்றேன். நடிப்புன்னு யார் சொன்னாலும் காதுல போட்டுக்காதீங்க. நடிக்கிறவன் எதுக்கு முழுக்கை சட்டை போட்டு மறைக்கப் போறான்? உள்ள வர்ற பசங்களுக்கு மொத சில வாரம் ரொம்ப மோசமா இருக்கும். கேஸு என்னாகும்னு தெரியாது, வீட்டு மொகம் பாக்க முடியாது, பெரிய பசங்க மெரட்டல், சிலருக்கு போதைப்பாக்கு நின்னு போனதுல வர்ற நடுக்கம், அதுக்கு மேல ராத்திரி தூக்கம் இருக்காது. பகல்ல வகுப்பு, விளையாட்டுன்னு எப்படியோ போயிரும், விளக்கணைச்சதுக்கு அப்பறந்தான் எல்லாம் வந்து உக்காரும். மனசுல இருக்கறத சொல்ல வாய் வராதப்ப தன்னைத்தானே காயப்படுத்தி ஒடம்புல காட்டுறாங்க. செய்யறவங்க எல்லாருமே சாகணும்னு நெனச்சு செய்யறதில்ல, தாங்க முடியாதத அந்த நேரத்துக்குத் தாங்கறதுக்குத்தான் பல பேரு செய்யறாங்க. ஆனா அதுக்காக சும்மா விட்டுரக் கூடாது, ஏன்னா பின்னாடி உயிருக்கே ஆபத்தான எடத்துக்குப் போறதுக்கு வாய்ப்பு கூடுதல்.

அடுத்த தடவ போறப்ப திட்டாதீங்க, இனிமே செய்யமாட்டேன்னு அப்பத்தா மேல சத்தியம் பண்ணுன்னும் கேக்காதீங்க. சத்தியம் வாங்கிட்டா அடுத்த தடவ இன்னும் நல்லா மறைப்பான். "பாத்தேன்டா, கோவம் இல்ல, ராத்திரி எப்புடி இருக்கு உனக்கு"ன்னு கேளுங்க. செத்துப்போயிரலாம்னு தோணுதான்னு நேராவே கேக்கலாம், கேக்கறதால அந்த நெனப்பு புதுசா வந்துராது. ஆமான்னு சொன்னா அங்கருந்து கெளம்புறதுக்கு முன்னாடியே கண்காணிப்பாளர்கிட்ட சொல்லி ஆஸ்பத்திரில மனநல டாக்டர்கிட்ட காட்டச் சொல்லணும்.

தனியா பூட்டி வைக்கிறது பத்தி கேட்டிங்க. அது வைத்தியமே இல்ல, இன்னும் மோசமாக்கும். சிறுவர்களத் தனிமைச் சிறைல வைக்கக் கூடாதுன்னு ஐநா விதிகள்ல 1990லயே சொல்லியாச்சு. வேண்டியது கூட ஒரு ஆளு, கண்காணிப்பு, பேச்சு.

தேவகோட்டைக்காரன்:
நானும் 17 வயசுல உள்ள இருந்தவந்தான். இப்ப லேத் பட்டறை வச்சிருக்கேன், ரெண்டு புள்ளைங்க. எங்கூட படுத்திருந்த பையன் ஒருத்தன் இதே மாதிரி பண்ணுவான், நாங்க எல்லாம் பாத்தும் வார்டன்கிட்ட சொல்லல, சொன்னா காட்டிக்கொடுத்தவன்னு பேரு வந்துரும்னு பயம். அது இன்னைக்கும் உறுத்துது. பாத்தவங்க நீங்க, சொல்லிருங்க தங்கச்சி. எனக்கு அப்ப எது தெம்பா இருந்துச்சுன்னா அம்மா வந்தா கேஸு பேச்சே எடுக்காது, மாடு கன்னு போட்டுருச்சு, கம்மாய்ல தண்ணி வந்துருச்சுன்னு ஊர்க்கதையா சொல்லும். வெளிய நம்ம எடம் அப்படியே இருக்குன்னு தோணும். உங்க தம்பிகிட்டயும் பட்டறைல அவன் கல்லு வார்க்குற கண்ணாடி, அவன் அச்சு எல்லாம் அப்படியே எடுத்து வச்சிருக்காங்கன்னு சொல்லுங்க.

சட்ட உதவி தன்னார்வலர்:
கேஸு பயத்துக்கு நான் பதில் சொல்றேன். தன்னைத்தானே காயப்படுத்திக்கிட்டது குத்தமில்ல. தற்கொலை முயற்சியாவே இருந்தாலும் 2017 மனநலச் சட்டம் 115ஆவது பிரிவுல கடும் மன அழுத்தத்துல செஞ்சதாத்தான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு இருக்கு. அடிச்சா அடிக்கிறவங்க மேலதான் குத்தம், 2015 இளைஞர் நீதிச் சட்டத்துல 82ஆவது பிரிவு அதுக்குன்னே இருக்கு. வாய்ல சொல்லிட்டு வராதீங்க, கண்காணிப்பாளர், நன்னடத்தை அலுவலர், கேஸ விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமம் மூணு பேருக்கும் எழுத்துல கொடுத்து ஒரு நகல்ல தேதி போட்டு கையெழுத்து வாங்குங்க. 2022 டிசம்பர் கடைசில செங்கல்பட்டு இல்லத்துல ஒரு பையன் செத்து ஊழியர்களே கைதானாங்க, அதுக்கப்பறம் நீதிபதி சந்துரு தலைமைல இல்லங்களப் பத்தி ஆராய ஒருநபர் குழு போட்டாங்க. அதனால இந்த மாதிரி மனுவ அவங்களால லேசா ஒதுக்க முடியாது.

பெயிலு என்னாச்சு? அதே இளைஞர் நீதிச் சட்டம் 12ஆவது பிரிவுப்படி சிறுவனுக்குப் பெயில் கொடுக்கறதுதான் பொது விதி. மறுக்கணும்னா காரணத்த எழுதணும், அவன் மனசுக்கு ஆபத்துங்கறதும் அந்தக் காரணங்கள்ல ஒண்ணு, அதனால வீட்டுல யாரு பாத்துப்பீங்க, எந்த டாக்டர்கிட்ட காட்டுவீங்கன்னு மனுவுலயே சொல்லிருங்க. பெயில் கெடச்சும் 7 நாளுக்குள்ள நிபந்தனைய நிறைவேத்த முடியலன்னா அதை மாத்தறதுக்கு குழுமத்து முன்னாடி திரும்பக் கொண்டுவரணும். வக்கீல் இல்லன்னா 15100ங்கற சட்ட உதவி நம்பருக்குக் கூப்புடுங்க, இலவசம். இல்லத்துல கண்டுக்கலன்னா 1098ங்கற குழந்தைகள் உதவி நம்பருக்குச் சொல்லுங்க. இன்னொண்ணு, இதுக்கு மேல ஊரு, பட்டறை பேரு எதையும் இங்க போடாதீங்க, அவன் யாருன்னு வெளிய தெரியக் கூடாதுங்கறதும் சட்டந்தான்.

காரைக்குடிப்பொண்ணு:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். நேத்து போயி எழுத்துல கொடுத்துட்டோம், வாங்கறதுக்கு ஒரு மணி நேரம் இழுத்தாங்க, ஆனா சீல் போட்டுக் கொடுத்துட்டாங்க. செவ்வாக்கெழம ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போறாங்களாம். தம்பிகிட்ட ராத்திரி எப்புடிடா இருக்குன்னுதான் கேட்டேன். ரொம்ப நேரம் தரையவே பாத்துக்கிட்டிருந்தான், அப்பறம் தூக்கம் வரலக்கான்னு சொல்லி சட்டைய அவனே ஏத்தி விட்டான். செத்துப்போகணும்னு தோணலன்னு சொன்னான், அதையும் டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லிருக்கேன். பெயிலுக்கு அப்பா இங்க இல்லைங்கறதுதான் தடையா இருக்கு, 15100க்கு இன்னைக்கு கூப்புடுறேன். அப்பத்தா ரெண்டு நாளா சாப்புடவே மாட்டேங்குது, அதுக்கும் யாராவது பேசுவாங்களா?

பழைய கவுன்சிலர்:
பேசுவாங்கம்மா. 14416, டெலிமானஸ்ங்கற மனநல உதவி நம்பர், தமிழ்லயே பேசுவாங்க, எந்நேரமும் எடுப்பாங்க, காசு இல்ல. அப்பத்தாவுக்கு மட்டுமில்ல, நீங்களும் பேசுங்க.