பழைய புல்லட்டுக்குப் புது அலாய் வீல்: மாட்டலாமா, வேண்டாமா?

செங்கை_87:
வணக்கம். அப்பா ஓட்டிய 1987 மாடல் புல்லட் 350 இப்போது என்னிடம் இருக்கிறது. வலது கால் கியர், இடது கால் பிரேக். போன வாரம் இரவு அச்சரப்பாக்கம் தாண்டும்போது பின் சக்கரம் பஞ்சர். பின்னால் மனைவி, நடுவில் பையன். காற்று ஒரேயடியாக இறங்கிவிட்டது. வண்டி வாலை ஆட்டியபடி ஓரம் கட்டுவதற்குள் உயிர் போய் வந்தது. 2021-ல் வந்த புது கிளாசிக் 350-யின் அலாய் வீல் செட் ஒன்று நண்பரிடம் இருக்கிறது. முன்னும் பின்னும் டிஸ்க், டியூப்லெஸ் டயரோடு தருகிறார். அப்படியே மாட்டிவிடலாமா?

ஈசிஆர்_பயணி:
கண்டிப்பாக மாட்டுங்கள் தம்பி. டியூப் டயரில் ஆணி ஏறினால் வால்வு ஓட்டை வழியாகவும் கம்பிகளை ரிம்மில் இறுக்கும் நிப்பிள்கள் வழியாகவும் காற்று நொடியில் போய்விடும். டியூப்லெஸ்ஸில் ஆணியைக் கவ்விக்கொண்டே ஐம்பது கிலோமீட்டர் வந்திருக்கிறேன். வழியில் ஓட்டையை அடைக்கும் ரப்பர் ஸ்ட்ரிப் போட ஐந்து நிமிடம் போதும், சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். குடும்பத்தோடு போகிற வண்டிக்கு இதைவிட நல்ல செலவு கிடையாது.

கோவை_பட்டறை:
டியூப்லெஸ் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் செட் இந்த வண்டிக்கு வராது.

பழைய புல்லட்டில் பின் பிரேக் ட்ரம்மும் பல்சக்கரமும் ஒரே வார்ப்பு, இடது பக்கம் இருக்கிறது. உங்கள் இடது கால் மிதிக்கும் ராடு அதைத்தான் இழுக்கிறது. புது கிளாசிக்கில் பின்னால் டிஸ்க், அது எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும். அதை மாட்டினால் உங்கள் ராடுக்கு இழுக்க எதுவும் இருக்காது. அந்த எண்ணெயை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரை எங்கே வைப்பீர்கள்? டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரைப் பிடிக்க, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் வெல்டிங் வைப்பீர்களா? பின் பிரேக்கை வெல்டிங்கை நம்பி விடுவது எனக்குச் சம்மதமில்லை.

அடுத்து அளவு. பழைய டயர் 3.25-19, விட்டம் ஏறக்குறைய 648 மில்லிமீட்டர். புது பின் டயர் 120/80-18, கணக்குப் போட்டால் 649. உயரத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், அதைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அகலத்தைப் பாருங்கள். பழையது 83, புதியது 120. ஒவ்வொரு பக்கமும் 18 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளும். செயின் பக்கம் அந்த இடம் இருக்கிறதா என்று அளந்தீர்களா?

ஈசிஆர்_பயணி:
சரி, அதே செட் வேண்டாம். பழைய ட்ரம்முக்கு ஏற்ற மாதிரி அலாய் தேடிப் பிடித்து 90 மில்லிமீட்டர் அகல டயர் போடட்டுமே. உங்கள் வாதம் அந்த ஒரு செட்டுக்குத்தான் பொருந்துகிறது, அலாய்க்கே எதிரானதாக ஆகாது.

மலைப்பாதை:
என் அனுபவத்தைச் சொல்கிறேன். நானும் இப்படித்தான் வேறு வண்டியின் அலாயைப் பழைய புல்லட்டில் மாட்டினேன். ஒரு பட்டறையில் லேத்தில் கடைந்து, இடைவெளியை நிரப்பும் ஸ்பேசர் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு பேரிங்குக்கும் நடுவில் வருகிற குழாய் இரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருந்திருக்கிறது. ஆக்சிலை முறுக்கியதும் பேரிங்கின் உள்வளையம் பக்கவாட்டில் நசுங்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. நானூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அடிவாரத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பைத் தொட்டேன், கை சுட்டது. கழற்றினால் குண்டுகள் நீலம் பாய்ந்து கிடந்தன. ஒரு வளைவில் அது இறுகியிருந்தால் இன்று இதை எழுத நான் இல்லை.

கோவை_பட்டறை:
அந்தக் குழாயைத்தான் முதலில் அளக்க வேண்டும். வெளி ஸ்பேசர் சக்கரத்தை நடுவில் நிறுத்தும், உள் குழாய்தான் பேரிங்கைக் காப்பாற்றும். மாட்டிய பிறகு இரண்டு சக்கரத்தின் ஓரமாகவும் நூல் பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் இடைவெளி ஒன்றுபோல வராவிட்டால், கையை விட்டதும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

சட்டம்_பேசுவோம்:
இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் திருத்தி எழுதிய 182ஏ, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது. உங்கள் வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆய்வாளர் முன் நிறுத்த வேண்டியிருக்கும். வெல்டிங் வைத்த ஸ்விங் ஆர்மோடு போய் நிற்காதீர்கள்.

செங்கை_87:
எல்லோருக்கும் நன்றி. இன்று பின் சக்கரத்தைக் கழற்றி டயரைப் பிரித்தேன். ஆணி எதுவும் இல்லை. டியூபைக் காக்க ரிம்முக்குள் சுற்றிய ரிம் டேப் மட்கி ஒரு இடத்தில் விலகியிருக்கிறது. அதற்கடியில் துரு செதில் செதிலாகப் பெயர்ந்து நிற்கிறது. டியூபின் உள்பக்கத்தில், அந்த இடத்துக்கு நேராகத்தான் ஓட்டை. விரல் நகத்தால் சுரண்டினால் ரிம்மே உதிர்கிறது.

கோவை_பட்டறை:
அப்படியானால் குற்றவாளி கம்பிச் சக்கரம் இல்லை தம்பி, முப்பது வருடத்துக்கு மேல் யாரும் திறந்து பார்க்காத ரிம். அதே ஹப்பில் புது 19 இஞ்ச் ரிம், புது கம்பி, புது டேப், நல்ல டியூப் போடுங்கள். கம்பி கட்டிக் கோட்டம் எடுத்த பிறகு ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக் கேளுங்கள். கிட்டத்தட்ட ஒரே சத்தம் வர வேண்டும். ஒன்று மட்டும் 'டொக்'கென்றால் அது தொய்ந்திருக்கிறது. ஐந்நூறு கிலோமீட்டரில் மறுபடி முறுக்குங்கள். பள்ளத்தில் விழுந்து நெளிந்தால் இதை நிமிர்த்தலாம், அலாய் விரிசல் விட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஈசிஆர்_பயணி:
துருவைச் சரிசெய்யலாம், அடுத்த முறை நிஜமாகவே ஆணி ஏறினால்? அதே இருட்டு, அதே நெடுஞ்சாலை, அதே மூன்று பேர். புது ரிம் போட்டாலும் டியூப் டயர் அதே வேகத்தில்தான் காற்றை விடும். கம்பிச் சக்கரத்திலேயே டியூப்லெஸ் போட இப்போது வழி வந்துவிட்டது.

கோவை_பட்டறை:
அதற்கென்றே செய்த ரிம்மில் போடலாம். பழைய மாதிரி ரிம்மில் நிப்பிளை மட்டும் பசை போட்டு அடைத்தால் போதாது. டயரின் விளிம்பு உள்ளே சரியாமல் பிடிக்கிற மேடு டியூப்லெஸ் ரிம்மில் இருக்கும், இதில் இருக்காது. காற்று குறையும்போது விளிம்பு நழுவினால் நீங்கள் பயப்படுகிற அதே விபத்துதான்.

ஈசிஆர்_பயணி:
இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மூன்று பேராக இரவில் அந்தச் சாலையில் டியூப் டயரில் போகாதீர்கள் தம்பி. அதில் என் மனம் மாறாது.

செங்கை_87:
அலாய் செட் வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு சக்கரத்துக்கும் ரிம்மும் கம்பியும் ஆர்டர் கொடுத்தாயிற்று. இரவுப் பயணத்துக்குக் குடும்பத்தோடு பஸ்தான், அண்ணன் சொல்வது சரி. முன் பிரேக் 6 இஞ்ச் ட்ரம் போதவில்லை. கம்பி கட்டுவதற்கு முன்பே இரண்டு பிரேக் கட்டையும் வலுவாகக் கவ்வுகிற 7 இஞ்ச் ட்வின் லீடிங் ஷூ ஹப்புக்கு மாறிவிடலாமா?

கோவை_பட்டறை:
மாறலாம், ஆனால் கம்பியின் நீளமும் மாறும். ரிம் கடைக்காரருக்கு இப்போதே போன் போட்டு முன் சக்கரக் கம்பியை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். ஹப் கைக்கு வந்ததும் அளவு எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.