லித்தியம் சாப்பிடும் தம்பிக்கு ஸ்மிருதி சாகர ரசம் கொடுக்கலாமா?

கேள்வி:
தம்பிக்கு 26 வயது. இருமுனை மனநோய். நான்கு வருடமாக லித்தியம். கை நடுங்குகிறது, எடை ஏறிவிட்டது என்று அவனுக்குச் சலிப்பு. போன மாதம் அம்மா பாலக்காட்டுப் பக்கம் ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனார். காகிதப் பொட்டலத்தில் கறுப்பு மாத்திரை. பேர் கேட்டதற்கு "ஸ்மிருதி சாகர ரசம்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். "மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்கிறார் அம்மா. தம்பி டாக்டருக்குத் தெரியாமல் லித்தியத்தைப் பாதியாக்கிவிட்டான். எனக்குத் தெரிந்த ரசம் மிளகு ரசம்தான். இதில் என்னதான் இருக்கும்?

பதில் 1:
என் மாமியாருக்குத் தூக்கம் வராதபோது மானசமித்ர வடகம் என்ற ஆயுர்வேத மாத்திரை கொடுத்தார்கள். நன்றாகத் தூங்கினார். பயப்படாதீங்க.

பதில் 2:
அம்மா, 22 வருடம் ஆயுர்வேத மருந்துக்கூடத்தில் கல்வத்தில் (மருந்து அரைக்கும் கல்லில்) அரைத்தவன் நான். மருந்துப் பேரில் ரசம் என்றால் பெரும்பாலும் பாதரசம். அதைக் கந்தகத்தோடு நாள்கணக்கில் அரைத்துக் கஜ்ஜளி என்ற கறுப்புப் பொடி ஆக்குவோம். வெயிலில் காட்டினால் ஒரு மினுக்குக்கூடத் தெரியக் கூடாது. ஸ்மிருதி சாகரத்தில் அதற்கு மேல் அரிதாரம், மனோசிலை என்ற இரண்டு கனிமங்கள், தாமிர பஸ்பம். முதல் இரண்டும் ஆர்சனிக் என்ற நஞ்சு உள்ளவை. வசம்பு, பிரம்மி, வாலுளுவை எண்ணெய் எல்லாம் பாவனைக்குத்தான், அதாவது ஊற்றி அரைப்பதற்கு. முந்தைய பதிலில் சொன்ன வடகத்திலும் தங்க பஸ்பம் உண்டு, வெறும் மூலிகை இல்லை.

முறையாகச் சுத்தி செய்தால் விஷம் போய்விடும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். நானும் நம்பினேன். ஆனால் 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. பொட்டல மாத்திரையை எந்தக் கையால் அரைத்தார்களோ, யார் கண்டது? இந்த மாதிரி மருந்தின் லேபிளில் மருத்துவ மேற்பார்வை எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது சட்டம்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்று. லித்தியம் வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. பாதரசம் கெடுப்பதும் அதைத்தான். சிறுநீரகம் மந்தமானால் லித்தியம் ரத்தத்தில் ஏறும். அதே லித்தியத்தைத் தானாகக் குறைத்தால் நோய் திரும்பும். பொட்டல மாத்திரையை நிறுத்திவிட்டு, அந்தப் பொட்டலத்தோடு மனநல டாக்டரிடம் போங்கள். கை நடுக்கத்தையும் சொல்லுங்கள், அதற்கு அவரிடம் வழி உண்டு.

கேட்டவர்:
நன்றி ஐயா. பொட்டலத்தில் லேபிளே இல்லை. நாளைக் காலை டாக்டரிடம் போகிறோம். அம்மா இன்னும் முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறார். தம்பி மட்டும், "இனி மிளகு ரசத்தையும் சந்தேகப்படுவாயா?" என்று சிரிக்கிறான்.