பிஏ இன்டர்ன்ஷிப், சிடிஐசியூ (இதய ஆபரேஷன் ஐசியூ): டிரெய்ன்ல எவ்வளவு ரத்தம் வந்தா போன் பண்ணணும்?

களியக்காவிளை_பிஏ:
பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டென்ட் மூணு வருஷம் முடிஞ்சாச்சு. அடுத்த வாரம் இன்டர்ன்ஷிப், திருவனந்தபுரம் பக்கம் இதய ஆபரேஷன் ஐசியூல. காலை ரவுண்ட்ஸுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்? டிரெய்ன்ல (ஆபரேஷன் முடிஞ்சதும் நெஞ்சுக்குள்ள இருந்து ரத்தம் வடிய வைக்கிற குழாய்) எவ்வளவு வந்தா டாக்டரைக் கூப்பிடணும்? அப்புறம், வேலைக்குச் சேரும்போது எதைக் கவனிக்கணும்?

ஐசியூ_அக்கா:
தம்பி, முதல்ல ஆளைப் பாருங்க, மானிட்டர் அப்புறம். கை கால் சூடா இருக்கா, கூப்பிட்டா கண் திறக்கிறாரா? அப்புறம் பிபி, சிவிபி (இதயத்துக்குத் திரும்புற பெரிய ரத்தக்குழாயோட அழுத்தம்); ராத்திரி இனோட்ரோப்பை (இதயத்தைப் பலமாத் துடிக்க வைக்கிற மருந்து) கூட்டினாங்களா குறைச்சாங்களா? யூரின் கிலோவுக்கு மணிக்கு 0.5 மில்லி, அதாவது 60 கிலோ ஆளுக்கு 30. ஏபிஜில (தமனி ரத்தப் பரிசோதனை) லாக்டேட், பொட்டாசியம்.

டிரெய்ன்ல மொத்தக் கணக்கை மட்டும் எழுதினா ஒண்ணும் புரியாது. பாட்டில்ல பிளாஸ்டர் ஒட்டி, மணிக்கு ஒரு கோடு, பக்கத்துல நேரம். மணிக்கு 200 மில்லி தொடர்ந்து வந்தா கூப்பிடணும். உங்க யூனிட்ல இதைவிடக் குறைச்சலா வச்சிருந்தா அதுதான் கணக்கு. ஆனா நான் அதிகம் பயப்படுறது நின்னுபோற டிரெய்னுக்குத்தான். 110, 100னு வந்தது திடீர்னு 5 ஆனா, ரத்தம் நின்னுடுச்சுன்னு சந்தோஷப்படாதீங்க. குழாய்ல ரத்தக்கட்டி அடைச்சிருக்கலாம். உள்ளே கசியுற ரத்தம் இதயத்தைச் சுத்தித் தேங்கி நெருக்கும். பிபி இறங்கும், சிவிபி ஏறும், யூரின் குறையும். அதுதான் டாம்போனேட். குழாய் மடங்கியிருக்கா, சக்‌ஷன் ஓடுதான்னு பாத்துக்கிட்டே போன் போடுங்க, பாத்து முடிக்கட்டும்னு நிக்காதீங்க. போன்ல இப்படி: "பெட் 4, பைபாஸ் முடிஞ்சு 5 மணி நேரம். டிரெய்ன் 110-லிருந்து 5. பிபி 84. சிவிபி 9-லிருந்து 17. உடனே வரணும் சார்."

குழித்துறைக்காரன்:
அக்கா சொன்னதோட பாஷையையும் சேத்துக்கோங்க. மலையாளம் பேசுற பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆளுங்க "பனி உண்டு"ன்னா காய்ச்சல், குளிர் இல்ல. வால்வு மாத்தினவர் அப்படிச் சொன்னா எண்டோகார்டைடிஸ் (இதய வால்வுல கிருமித் தொற்று) நினைப்பு வரணும்: ஆன்டிபயாடிக் போடுறதுக்கு முன்னாடி வேற வேற இடத்துல குத்தி மூணு செட் பிளட் கல்ச்சர். ரத்தம் இளக்குற மாத்திரையோட அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்க. "சின்ன வெள்ளை மாத்திரை, ரெண்டு"ன்னு சொன்னதை எழுதிக்கிட்டா ஆபத்து; ரெண்டுமே ரத்தம் இளக்குறதுதான், ஆனா வார்ஃபரின் 2 மில்லிகிராம் வேற, அசிட்ரோம் 2 வேற.

தக்கலை_சீனியர்:
வேலை விஷயம். நம்ம நாட்டுல பிஏ படிப்பே 1992-ல சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷன்ல, இதய சர்ஜன் கே.எம். செரியன் தொடங்கினது. அதனால இந்த போஸ்டிங்ல கத்துக்கிறது வேலைக்கு நேரா உதவும்.

சேரும் முன்னாடி மூணு கேளுங்க: எந்த கன்சல்டன்ட் கீழ, நைட்ல கூப்பிட்டா வர டாக்டர் யாரு, டிஸ்சார்ஜ் சம்மரி அடிக்கிறதைத் தவிர பேஷன்ட் வேலை உண்டா. கடைசிக் கேள்விக்கு மழுப்பினா யோசிங்க, ரெண்டு வருஷத்துல கைப்பழக்கம் போயிடும். லாக் புக்ல தேதி, ஐபி நம்பர் (பேஷன்ட்டோட அட்மிஷன் எண்), பாத்தேனா உதவினேனா செஞ்சேனான்னு அன்னைக்கே எழுதி கையெழுத்து வாங்குங்க. மாசக் கடைசியில யாருக்கும் ஞாபகம் இருக்காது.

2021-ல வந்த அலைடு ஹெல்த்கேர் கமிஷன் சட்டத்துல நம்ம பேர் இருக்கு, ஆனா சொந்தமா மருந்து எழுத அது லைசென்ஸ் இல்ல. போன்ல ஆர்டர் வந்தா மருந்து, அளவு, எந்த வழின்னு திருப்பிப் படிச்சுக் காட்டுங்க. நேரமும் டாக்டர் பேரும் எழுதி, அவர் வந்ததும் முதல் வேலையா கையெழுத்து.