முட்டை பொரித்ததும் தாய் நண்டு இறந்துவிடுகிறதா? பெண் நண்டின் இனப்பெருக்க உறுப்புகள் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: கிழக்குக்கரைத் தமிழாசிரியர்

அனைவருக்கும் வணக்கம். கடலோர ஊர் ஒன்றில் உயர்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். நல்வழியில் ‘நண்டுசிப்பி வேய்கதலி நாசமுறுங் காலத்தில் கொண்ட கருவளிக்கும்’ என்று தொடங்கும் வெண்பாவுக்கு, நண்டு தன் அழிவுக்காலத்தில்தான் குஞ்சு ஈனும் என்று உரைகள் பொருள் சொல்கின்றன. ஐங்குறுநூற்றின் மருதப் பாடல் ஒன்றும் நண்டைத் ‘தாய்சாப் பிறக்கும்’ உயிர் என்கிறது. ஆனால் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இதை ஏற்க மறுக்கிறார்கள். முட்டையெல்லாம் உதிர்ந்த பிறகும் பெண் நண்டு நல்ல உயிரோடு வலையில் ஏறுவதைத் தங்கள் அப்பாக்கள் காட்டியிருப்பதாகச் சொல்கிறார்கள்.

தாய் நண்டு உண்மையில் இறக்கிறதா? ஓட்டுக்குள் இருக்கும் ஆரஞ்சு நிறச் சினையும், வயிற்றுக்கு வெளியே திரளாகத் தொங்கும் முட்டையும் ஒன்றுதானா? ஆணும் பெண்ணும் எப்போது, எப்படிச் சேர்கின்றன? பிள்ளைகளுக்கு நேராகச் சொல்லக்கூடிய விளக்கம் வேண்டும். உடலுறுப்புகளின் பெயர்களைச் சொல்லத் தயங்க வேண்டாம். அவர்கள் அறிவியல் பாடத்தில் கரப்பான் பூச்சியின் உறுப்புகளைப் படிக்கப் போகிறவர்கள்தாம்.

மறுமொழி 1: அலையாத்தி

ஐயா, உங்கள் மாணவர்கள் சொல்வதே சரி. நம் கரையில் பிடிபடும் நீலக்கால் நண்டு, முக்கண் நண்டு, சேற்று நண்டு ஆகிய எதிலும் முட்டை பொரிப்பதற்கும் தாயின் சாவுக்கும் தொடர்பில்லை. பேய்க்கணவாயில் முட்டை பொரிந்ததும் தாய் இறப்பது உண்மை. நண்டோ, ஒரு திரளைப் பொரித்து முடித்துவிட்டு, சில வாரங்களில் அடுத்த திரளைச் சுமக்கத் தொடங்கிவிடும். அதற்காக அது மீண்டும் ஆணைத் தேடிப் போக வேண்டியதுகூட இல்லை. அது ஏன் என்பது அதன் உடலமைப்பைப் பார்த்தால் விளங்கும்.

முதலில் உங்கள் இரண்டாவது கேள்வி. ஓட்டைப் பிளக்கும்போது தெரியும் ஆரஞ்சுப் பொருள் அண்டகம். அதாவது இன்னும் வெளிவராத, கருவுறாத முட்டைகள் வளரும் இடம். அது ஆங்கில ‘எச்’ எழுத்தின் வடிவில், கல்லீரற்கணையம் என்னும் செரிமானச் சுரப்பியின் மேல் படர்ந்து கிடக்கும். முன் கிளைகள் இரண்டும் ஓட்டின் விளிம்பை ஒட்டிப் பக்கவாட்டில் வளைந்து செல்ல, இரைப்பைக்குப் பின்னால் ஒரு குறுக்குப் பாலம் அவற்றை இணைக்க, பின் கிளைகள் இதயத்தை ஒட்டிப் பின்னோக்கிச் செல்கின்றன. இளம் நண்டில் இது கண்ணாடி நூல்போல நிறமற்றிருக்கும். கருவுணவு சேரச் சேர வெண்மை, மஞ்சள், ஆரஞ்சு என்று நிறம் ஏறி, முற்றிய நிலையில் ஓட்டின் உட்பக்கத்தையே நிறைத்துவிடும். வெளியே தொங்கும் திரளோ கருவுற்று வெளிவந்துவிட்ட முட்டைகள். ஆகவே இவை இரண்டும் ஒன்றல்ல. ஒன்றன்பின் ஒன்றாக வரும் இரு நிலைகள்.

இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையில்தான் முக்கியமான உறுப்பு இருக்கிறது. அண்டகத்தின் இரு புறத்திலிருந்தும் குட்டையான அண்டநாளம் ஒவ்வொன்று இறங்கி, ஒரு விந்துகொள் பையில் சேர்கிறது. பையிலிருந்து ஒரு சிறு குழாய், மார்புத் தகட்டின் ஆறாம் கண்டத்தில் உள்ள துளை வழியாக வெளியே திறக்கிறது. இந்தத் துளைகளைப் பிள்ளைகளுக்கு நேரிலேயே காட்டலாம். வேகவைத்த பெண் நண்டின் வயிற்று மடலை விரித்துப் பிடித்தால், கவ்வுகாலையும் சேர்த்து எண்ணும்போது மூன்றாவதாக வரும் காலிணைக்கு நேராக, மார்புத் தகட்டில் இடமும் வலமுமாக இரண்டு துளைகள் தெரியும். ஆண் நண்டில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். அங்கே மடலுக்கு அடியில் வேறொன்று உண்டு: வயிற்றுக் கால்களின் முதல் இரண்டு இணைகள் புணர்ச்சிக் கருவிகளாக மாறியிருக்கும். முதல் இணை குழாய் போன்றது. இரண்டாவது இணை அந்தக் குழாய்க்குள் உந்துதண்டாக இயங்கி விந்தைப் பெண்ணின் துளைக்குள் செலுத்துகிறது.

நண்டின் விந்தணுவுக்கு வால் கிடையாது. அது நீந்தாது, நுண்ணிய பொதிகளில் அடைக்கப்பட்டு, பாய்மத்தோடு சேர்ந்து பையில் வந்து தங்கிவிடுகிறது. நீந்தும் நண்டு வகைகளில் அந்தப் பாய்மம் இறுகி, பையின் வாயை அடைக்கும் தக்கையாகவும் மாறுகிறது. அடுத்து வரும் ஆணுக்கு அது ஒரு தடை. சேர்க்கை முடிந்த பெண்ணைப் பிளந்து பார்த்தால் பைகள் இரண்டும் வெண்மையாகப் பருத்திருக்கும். அண்டகமோ பெரும்பாலும் அப்போது முதிர்ந்திருக்காது. சேர்க்கை ஒரு காலம், முட்டை முதிர்வது வேறொரு காலம். முதிர்ந்த முட்டைகள் அண்டகத்திலிருந்து இறங்கிப் பையைக் கடக்கும்போதுதான் விந்தணுக்களைச் சந்திக்கின்றன. அப்போதும் பையிலுள்ள விந்து முழுவதும் செலவாவதில்லை. மிச்சம் அடுத்த திரளுக்கும் அதற்கடுத்த திரளுக்கும் பயன்படும்.

ஒரு வரம்பு உண்டு. பையின் கீழ்ப்பகுதி ஓட்டைப் போலவே புறத்தோல் படலம் பூசியது. நண்டு ஓடு கழற்றும்போது அந்தப் படலமும் சேர்ந்து கழன்றுவிடும். அதனால் பல இனங்களில், மறுபடி ஓடு கழற்றிய பெண்ணுக்கு முந்தைய சேமிப்பின் பெரும்பகுதி போய்விடுகிறது. அதற்குப் புதிய சேர்க்கை தேவைப்படும்.

மறுமொழி 2: நண்டுவலை

ஐயா, நான் பாக் நீரிணைப் பக்கம் நண்டு வலை விடுகிறவன். நான் கண்ணால் பார்ப்பதை மட்டும் சொல்கிறேன்.

ஆண் நண்டு ஒரு பெண்ணைத் தனக்கு அடியில் அணைத்துச் சுமந்தபடி இரண்டும் சேர்ந்தே வலையில் ஏறுவதுண்டு. பிரித்தாலும் ஆண் விடாமல் பிடித்திருக்கும். அப்படிப்பட்ட பெண்ணைத் தொட்டுப் பார்த்தால், ஒன்று ஓடு கழற்றப் போகும் நிலையில் இருக்கும்; அல்லது கழற்றி முடித்து உடம்பு மெத்தென்று இருக்கும். சினை வைத்த நண்டை ஆண் சுமந்து நான் பார்த்ததில்லை. முட்டைத் திரள் முதலில் மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும். நாளாக நாளாகப் பழுப்பேறி, பொரிக்கும் தறுவாயில் கருஞ்சாம்பல் நிறமாகிவிடும். பொரித்து முடித்த நண்டின் மடலுக்குள் மயிர்க் கால்களில் வெறும் தோல்கள் பஞ்சு பஞ்சாக ஒட்டியிருக்கும். நண்டு துடிப்போடுதான் இருக்கும்.

எனக்கும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஆண் நண்டு போன்ற கவ்வுகாலும் நிறமும் உள்ள சில நண்டுகளுக்கு மடல் சற்று அகன்று, அதற்கடியில் மஞ்சளாக ஒரு பை இருக்கிறதே, அது என்ன? சினை நண்டைக் கடலில் திருப்பி விடச் சொல்கிறார்கள். விட்டால் அந்த முட்டை உண்மையில் பிழைக்குமா?

மறுமொழி 3: பொரிப்பகத்தார்

நண்டுவலை அண்ணன் கண்டது மிகச் சரியான காட்சி. பெண் ஓடு கழற்றுவதற்கு முன்பே தன் சிறுநீரில் ஒரு வேதிச் செய்தியைக் கலந்து விடுகிறது. ஆண் அதைத் தன் சிறு உணர்கொம்புகளால் உணர்ந்து தேடி வருகிறது. ஐரோப்பியக் கரை நண்டில் இந்தச் செய்தியைச் சுமக்கும் பொருள் யூரிடின் டைபாஸ்பேட் என்று கண்டறிந்திருக்கிறார்கள். வந்த ஆண் சில நாட்கள் பெண்ணைச் சுமந்து காக்கும். பெண் ஓடு கழற்றி மென்மையான உடலோடு வெளிவந்ததும் அதை மல்லாத்திச் சேரும். பெண் தன் மடலை விரித்து ஆணின் மடலுக்கு வெளியே மூடிக்கொள்ளும். சேர்க்கை மணிக்கணக்கில் நீளும். முடிந்த பிறகும், ஓடு ஓரளவு இறுகும் வரை ஆண் அதை விட்டு நகர்வதில்லை. ஓடில்லாத அந்த நேரத்தில் எந்த மீனும் அதைத் தின்றுவிடும் என்பதால் இந்தக் காவல் பெண்ணுக்கும் பயன், தன் விந்துக்குப் போட்டி வராது என்பதால் ஆணுக்கும் பயன்.

எல்லா நண்டும் இப்படி என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டாம். மணற்கரையில் ஓடும் பேய்நண்டு வகைகளும், ஒற்றைக் கவ்வுகாலை ஆட்டி அழைக்கும் சேற்றுக்கரை நண்டுகளும் ஓடு கெட்டியாக இருக்கும்போதே சேர்கின்றன. அவற்றில் பெண்ணின் துளையை ஒரு சிறு மூடி காக்கிறது.

சேற்று நண்டுக் குஞ்சு உற்பத்தியில் நான் வேலை பார்த்திருக்கிறேன். சீர்காழியை அடுத்த தொடுவாயில் ராஜீவ் காந்தி நீருயிர் வளர்ப்பு மையம் அமைத்த பொரிப்பகத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இந்தத் துறையில் நம் கரைக்கு அது பெரிய முயற்சி. பொரிப்பகத்தில் புதிதாக வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்வது, தாய் நண்டுத் தொட்டியில் மணல் இருக்க வேண்டும் என்பதைத்தான். முட்டைகள் துளை வழியாக வெளியே வரும்போது நண்டு மணலில் பாதி புதைந்து, மடலை விரித்து ஒரு குழிவான அறையை உண்டாக்கிக்கொள்கிறது. அந்த அறைக்குள் முட்டைகள், நான்கு இணை வயிற்றுக் கால்களின் உட்கிளைகளில் உள்ள நீண்ட மயிர்களில் ஒட்டிக்கொள்கின்றன. வெறும் சிமெண்டுத் தரையில் விட்டால் முட்டைகள் ஒட்டாமல் தரையில் சிதறிப் போகும். நல்ல சினை நண்டு வீணாகும். ஒட்டிக்கொண்ட பிறகு தாய் அந்தத் திரளைக் கால்களால் கோதிவிடும், மடலை அசைத்து அசைத்துப் புதுநீர் பாய்ச்சும், கெட்ட முட்டைகளைக் கிள்ளி எறியும். கவனித்துக்கொண்டிருந்தால் சலிக்கவே சலிக்காத காட்சி அது.

சேற்று நண்டு ஒரு திரளில் இருபது லட்சம், முப்பது லட்சம் முட்டைகள் என்ற அளவில் சுமக்கும். ஒரு முட்டையின் குறுக்களவு ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர்தான். பொரிப்பது பெரும்பாலும் அதிகாலையில் நடக்கும். தாய் மடலை வேகமாக அடித்து அடித்து சோயியா என்னும் இளவுயிரிகளை நீரில் உதறிவிடுகிறது. சேற்று நண்டில் ஐந்து சோயியா நிலைகளும், அதன்பின் மெகலோப்பா நிலையும் கடந்த பிறகுதான் அது நண்டு வடிவம் பெறும். நீலக்கால் நண்டில் சோயியா நிலைகள் நான்கு. ஆசிரியர் ஐயாவின் கேள்விக்கு நேரான சான்று இதுதான்: பொரித்து முடித்த தாயை ஆணே இல்லாத தொட்டியில் நன்றாக இரைகொடுத்து வைத்திருந்தால், அதே நண்டு மீண்டும் கருவுற்ற முட்டை வைக்கிறது.

மறுமொழி 4: கிழக்குக்கரைத் தமிழாசிரியர்

மிக்க நன்றி. மணலைப் பற்றியும் துளைகளைப் பற்றியும் சொன்னவற்றை அப்படியே வகுப்பில் சொல்வேன். ஒன்று மட்டும் மனத்தில் நிற்கிறது. மருதப் பாடல் பேசுவது வயல் நண்டை அல்லவா? கடல் நண்டுக்குப் பொருந்துவது அதற்கும் பொருந்துமா?

மறுமொழி 5: அலையாத்தி

நல்ல கேள்வி ஐயா, அதுவே பழைய நம்பிக்கையின் வேராக இருக்கலாம். வயல் நண்டும் முட்டை பொரித்ததால் இறப்பதில்லை. ஆனால் அதன் இனப்பெருக்கம் கடல் நண்டிலிருந்து பெரிதும் வேறுபட்டது. நன்னீர் நண்டுக்கு நீரில் மிதக்கும் இளவுயிரி நிலையே கிடையாது. முட்டைகள் பெரியவை, லட்சக்கணக்கில் இல்லாமல் ஒரு சில நூறாக முடிந்துவிடும். ஒவ்வொரு முட்டையிலிருந்தும் முழு வடிவம் பெற்ற சிறு நண்டு வெளிவந்து, தாயின் மடலுக்குள்ளேயே சில நாட்கள் ஒட்டிக்கொண்டு வாழும். வரப்பில் ஒரு தாய் நண்டைப் பிடித்து மடலை விலக்கினால் குஞ்சுகள் கூட்டமாக ஊர்ந்து இறங்கும். தூர நின்று பார்ப்பவருக்குத் தாயின் வயிறு வெடித்துக் குஞ்சுகள் வந்தது போலத் தோன்றுவது இயல்பே. நம் முன்னோர் நண்டை எவ்வளவு நெருங்கிப் பார்த்திருக்கிறார்கள் என்பதை அந்தப் பாடல் காட்டுகிறது என்றே நான் பிள்ளைகளிடம் சொல்வேன். இது என் ஊகம். ஆனால் நடப்புக்கு ஒத்த ஊகம்.

தாய் பிழைத்திருப்பதற்கு இன்னொரு சான்று அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் உண்டு. அங்குள்ள நீல நண்டின் செவுள்களில் ஒரு சிறு ரிப்பன் புழு (நெமெர்டியன்; குடலில் வாழும் நாடாப்புழு அல்ல) வாழ்கிறது. நண்டு முட்டைத் திரள் சுமக்கும்போது அந்தப் புழு செவுளிலிருந்து இறங்கி முட்டைகளைத் தின்று, பருத்துச் சிவந்து, பொரிந்த பின் மீண்டும் செவுளுக்கே திரும்புகிறது. செவுளில் பெரிய சிவந்த புழு இருந்தால் அந்த நண்டு ஏற்கெனவே ஒரு முறையாவது முட்டை பொரித்திருக்கிறது என்று உயிரியலாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். தாய் இறந்திருந்தால் இந்த அடையாளத்துக்கே இடமிருந்திருக்காது.

நண்டுவலை அண்ணன் கேட்ட மஞ்சள் பை, பெரும்பாலும் சாக்குலினா என்னும் ஒட்டுண்ணியாக இருக்கும். பாறையில் ஒட்டும் கொட்டலசு இனத்துக்கு உறவானது அது. நண்டின் உடலுக்குள் வேர்போல ஊடுருவிப் பரவி, இனப்பெருக்க உறுப்புகளை முடக்கிவிட்டு, கடைசியில் முட்டைத் திரள் இருக்க வேண்டிய அதே இடத்தில் தன் பையை வெளியே தள்ளுகிறது. ஆண் நண்டை அது பீடித்தால் அந்த நண்டின் மடல் பெண்ணுக்குரியதுபோல அகலமாகிறது. அந்த ஆணும் அந்தப் பையைத் தன் முட்டையென்றே கோதிக் காக்கிறது. சினைத் திரள் மணி மணியாக மயிர்களில் தொங்கும். இதுவோ ஒரே தோல் போர்த்திய வழவழப்பான பை. பார்த்தவுடன் வேறுபாடு தெரிந்துவிடும்.

அடுத்து, திருப்பி விடுவது பற்றி. கட்டாயம் விடலாம், முட்டை பிழைக்கும். செசபீக் கரையிலுள்ள மேரிலாந்து மாநிலத்தில் முட்டை சுமக்கும் நீல நண்டைப் பிடிப்பதே சட்டப்படி தடை. ஆனால் சினை நண்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அள்ளலாம் என்று எண்ணிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. செசபீக் நீல நண்டில் பெண் வாழ்நாளில் ஒரே ஒரு பருவத்தில், தன் கடைசி ஓடு கழற்றலின்போதுதான் சேர்கிறது. அப்போது பையில் எவ்வளவு விந்து சேர்ந்ததோ அதை வைத்துத்தான் பிற்பாடு எல்லாத் திரள்களையும் கருவுறச் செய்ய வேண்டும். பெரிய ஆண்களையெல்லாம் பிடித்துவிட்டால், சிறிய ஆண்களும், அடுத்தடுத்துச் சேர்ந்து களைத்த ஆண்களும் தரும் விந்தின் அளவு குறைந்துவிடுகிறது. இதனால் நண்டு வளத்தைக் காக்கப் பெண்ணின் மடலை மட்டும் பார்த்தால் போதாது. மடல் இன்னும் முக்கோணமாகவும் மார்போடு இறுக ஒட்டியும் இருக்கும் இளம் பெண்ணையும் விட்டுவிட வேண்டும். அது இன்னும் ஒரு முறைகூடச் சேராதது. மடல் அகன்று வட்டமாகி, விளிம்பில் மயிர் அடர்ந்து, எளிதாக விலகினால்தான் அது பருவமடைந்த பெண்.

சினை நண்டை வலையிலிருந்து எடுக்கும்போது மடலைப் பிடித்து இழுக்க வேண்டாம்; திரள் முழுவதும் அந்த மெல்லிய மயிர்களில்தான் நிற்கிறது. சிக்கிய கண்ணியை அறுத்துவிட்டு உடனே கடலில் விடுவது நல்லது. கூடையில் வெயில் பட்டுத் திரள் காய்ந்துவிட்டால், நண்டு உயிரோடு நீந்திப் போனாலும் அந்த முட்டைகள் பொரிக்காது.