மாதந்தோறும் திரும்பி வரும் காய்ச்சல்: மூன்றரை வயது மகனுக்கு எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது?

அமராவதிக்கரை (தாராபுரம்):

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு மூன்றரை வயது, எடை பதினான்கு கிலோ. சென்ற ஆடி மாதத்திலிருந்து ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை அவனுக்குக் கடுமையான காய்ச்சல் வருகிறது. காலையில் ஓடியாடிக்கொண்டிருப்பவன் மாலைக்குள் துவண்டு மடியில் படுத்துவிடுவான்; அன்றிரவே 103, 104 டிகிரி வரை ஏறிவிடும். பாராசிட்டமால் கொடுத்தால் சற்றே இறங்கி, சில மணி நேரத்தில் மீண்டும் ஏறும். நான்கைந்து நாள்கள் இப்படி வாட்டிவிட்டுத் தானாகவே நின்றுவிடும். அந்த நாள்களில் தொண்டை சிவந்திருக்கும், கழுத்தின் இருபுறமும் நெறி கட்டியிருக்கும், சில முறை உதட்டின் உட்புறம் சிறு வாய்ப்புண்களும் காணப்படும். சளியோ இருமலோ இருப்பதில்லை. இடைப்பட்ட நாள்களில் நன்றாகச் சாப்பிடுகிறான், வயதுக்கேற்ற வளர்ச்சியும் இருக்கிறது.

தொண்டைத் தொற்று என்று சொல்லி ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் மருந்து எழுதிக் கொடுத்தார்கள். மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தும் காய்ச்சல் தன் போக்கில்தான் நின்றது. வீட்டுப் பெரியவர்கள் நிலவேம்புக் குடிநீர் கொடுத்தார்கள், மந்திரித்துக் கயிறும் கட்டினார்கள். அண்மையில் கோவையில் ஒரு குழந்தைநல மருத்துவரிடம் காட்டியபோது, அவர் தேதிகளையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, இது பி.எஃப்.ஏ.பி.ஏ. என்னும் முறைக்காய்ச்சலாக (ஓர் ஒழுங்கான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல்) இருக்கலாம் என்றார். காய்ச்சல் தொடங்கும்போது ஒரு வேளை ஸ்டீராய்டு கொடுக்கலாம், அல்லது டான்சிலை அறுவை செய்து எடுக்கலாம், அல்லது எதுவும் செய்யாமல் காத்திருக்கலாம் என்று மூன்று வழிகளைச் சொல்லி, யோசித்து வரச் சொல்லியிருக்கிறார்.

ஸ்டீராய்டு என்றதும் வளர்ச்சி தடைபடுமோ என்று நான் அஞ்சுகிறேன். அறுவை என்றதும் என் கணவர் அஞ்சுகிறார். இந்த நோய்தான் என்று எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும்? இவ்வளவு சிறிய வயதில் எந்த வழி பாதுகாப்பானது? அனுபவமும் அறிவும் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கொங்குமலர்:

சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் மகளைப் பற்றியே எழுதியிருக்கிறீர்களோ என்று தோன்றியது. அவளுக்கும் இதே நோய்தான் என்று உறுதி செய்தார்கள். இரண்டு வயதில் தொடங்கியது. காய்ச்சல் வரும் நாளுக்கு முதல் நாள் அவள் முகம் வெளிறி, காரணமில்லாமல் சிணுங்குவாள். அதைக் கண்டே நாங்கள் தெரிந்துகொள்ளப் பழகிவிட்டோம்.

எங்கள் மருத்துவர் பிரெட்னிசலோன் ஒரு வேளை மட்டும் கொடுக்கச் சொன்னார். மாலையில் கொடுத்தால் மறுநாள் விடிவதற்குள் காய்ச்சல் முற்றிலும் நின்றிருக்கும். அதே சமயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: சில மாதங்களில் காய்ச்சல்களுக்கு இடையிலான நாள்கள் குறையத் தொடங்கின. அதனால் எல்லா முறையும் கொடுக்காமல், பண்டிகை, வெளியூர்ப் பயணம், நான் விடுப்பு எடுக்க இயலாத நாள்கள் போன்ற சமயங்களில் மட்டும் மருத்துவரைக் கேட்டுக் கொடுத்தோம். மற்ற முறைகளில் பாராசிட்டமாலும், இளநீரும், குளிர்ந்த மோர்ச்சாதமும்தான். வாய்ப்புண் இருக்கும்போது சூடாகவோ காரமாகவோ எதுவும் இறங்காது. அவளுக்கு இப்போது ஒன்பது வயது. ஏழு வயதை ஒட்டி இடைவெளி நீண்டுகொண்டே போய், பிறகு வரவேயில்லை. உயரத்தில் வகுப்புத் தோழிகளுக்குக் குறைந்தவளில்லை. உங்கள் பயத்தை நான் முழுமையாக உணர்கிறேன் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

மருத்துவர்_மதுரை:

நான் குழந்தைநல மருத்துவத்தில் பணிபுரிகிறேன். குழந்தையைப் பார்க்காமல் நோயை உறுதி செய்ய இயலாது; ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களை வைத்து, உங்கள் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

இந்த நோய் முதன்முதலில் 1987இல் அமெரிக்காவில் பன்னிரண்டு குழந்தைகளைக் கொண்டு விவரிக்கப்பட்டது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தொடங்கும். மூன்று முதல் ஆறு நாள்கள் நீடிக்கும் காய்ச்சல், சில வாரங்களுக்கு ஒருமுறை ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் திரும்பும். தொண்டை அழற்சி, வாய்ப்புண், கழுத்தில் நெறிகட்டுதல் ஆகியவற்றுள் ஒன்றாவது உடன் இருக்கும். இது கிருமித் தொற்று அன்று. உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு வெளிக்காரணமின்றித் தானாகத் தூண்டப்பட்டு அழற்சியை உண்டாக்குகிறது. ஆகவேதான் ஆன்டிபயாடிக் எதற்கும் அது அடங்கவில்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதும் இல்லை.

இதை உறுதி செய்யத் தனியொரு பரிசோதனை கிடையாது. மற்ற நோய்கள் இல்லை என்று காட்டித்தான் இந்த முடிவுக்கு வர வேண்டும். எனவே மூன்று வழிகளில் எது என்ற கேள்விக்கு முன்னால், தேவையான பரிசோதனைகள் தேவையான நாளில் செய்யப்பட்டிருக்கின்றனவா என்ற கேள்வி நிற்கிறது. நான் பார்க்கும் குழந்தைகள் பலரிடம் கைப்பை நிறைய முடிவுத்தாள்கள் இருக்கும். அத்தனையும் காய்ச்சலின் மூன்றாம் நாளில், ஆன்டிபயாடிக் தொடங்கிய பின் எடுக்கப்பட்டவையாக இருக்கும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதும், முற்றிலும் நலமாக இருக்கும்போதும் ரத்த அணுக்கள், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. ஆகிய இரண்டையும் எடுத்துப் பாருங்கள். இந்த நோயில் காய்ச்சலின்போது உயர்ந்திருக்கும் சி.ஆர்.பி. இடைப்பட்ட நாள்களில் இயல்புக்குத் திரும்பிவிடும். அப்படித் திரும்பாமல் எப்போதும் உயர்ந்தே இருந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். தொண்டையிலிருந்து பஞ்சில் எடுத்த மாதிரியை ஒரு முறையாவது கல்ச்சர் செய்து (கிருமி வளர்கிறதா என்று சோதித்து), ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இல்லை என்று பார்த்துவிடுவதும் நல்லது.

மிக முக்கியமாக விலக்க வேண்டியது, சுழற்சி முறையில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் குறையும் நோய். அதிலும் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் ஏறத்தாழ 21 நாள்களுக்கு ஒருமுறை வரும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அந்தக் குழந்தைகளுக்குக் கடுமையான கிருமித் தொற்று ஏற்படக்கூடும் என்பதால் சிகிச்சையே வேறு. காய்ச்சலோடு வரும்போது அணுக்கள் மீண்டும் கூடத் தொடங்கியிருக்கலாம் என்பதால் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை ஏமாற்றிவிடும். ஐயம் இருந்தால் ஆறு வாரங்களுக்கு, வாரம் இரண்டு மூன்று முறை அணுக்களை எண்ண வேண்டும். சிறு கையில் அத்தனை முறை ஊசி குத்துவது தாய்க்கு எவ்வளவு வேதனை என்பதை அறிவேன். இருந்தும் உங்கள் மகனுக்குச் சுழற்சி நான்கு வாரத்துக்குக் குறைவாக இருந்தாலோ, ஈறு வீக்கமோ தோலில் சீழ்க்கட்டியோ வந்திருந்தாலோ இதைத் தவிர்க்க வேண்டாம்.

ஒரு வயதுக்கு முன்பே தொடங்கிய காய்ச்சல், வயிற்றுவலி, மூட்டுவலி, தோலில் தடிப்பு, குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இதேபோன்ற காய்ச்சல் இவை இருந்தால் மரபணு சார்ந்த முறைக்காய்ச்சல்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மாலையில் இலேசான காய்ச்சல், எடை குறைதல், வீட்டில் காசநோயாளி இருத்தல் ஆகியவை வேறு திசையைக் காட்டும். டைபாய்டு என்று சந்தேகித்தால் வைடல் பரிசோதனை ஒன்றை மட்டும் நம்பாமல், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இனி சிகிச்சை. நோய் இதுதான் என்று தெளிவான பின், காத்திருப்பதும் ஒரு முறையான சிகிச்சையே. பெரும்பாலான குழந்தைகளுக்குப் பத்து வயதை ஒட்டி இது தானாக நின்றுவிடும். உறுப்புகளுக்குச் சேதம் விளைவிப்பதில்லை. காய்ச்சலைத் தாங்க உதவும் பாராசிட்டமாலை அளவறிந்து கொடுங்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. கடைகளில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பும் ஒரே தோற்றத்தில் விற்கப்படுகின்றன. உங்கள் மகனுக்கு 250 சிரப்பில் 4 மில்லி போதும். 120 சிரப்பில் அதே 4 மில்லி பாதி அளவுகூட ஆகாது. ஆறு மணி நேர இடைவெளியில், நாளொன்றுக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். நிமெசுலைடு 12 வயதுக்கு உட்பட்டோருக்கு 2011இல் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. பழைய சீட்டில் அது இருந்தால் வாங்காதீர்கள். ஆஸ்பிரினும் கூடாது.

ஸ்டீராய்டு குறித்த உங்கள் அச்சம் நாள்தோறும் மாதக்கணக்கில் கொடுக்கும் முறைக்குப் பொருந்தும். இங்கே கொடுப்பது, காய்ச்சல் தொடங்கியதும் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் பிரெட்னிசலோன், ஒரே ஒரு வேளை. அன்றிரவு தூக்கம் குறையலாம், எரிச்சலும் பசியும் கூடலாம். வளர்ச்சி குன்றும் அளவுக்கு அது சேர்வதில்லை. கொங்குமலர் அவர்கள் சொன்னதுபோல் இடைவெளி சுருங்குவது பல குழந்தைகளிடம் காணப்படுகிறது. மாதம் இருமுறை கொடுக்கும் நிலை வந்தால் வேறு வழிக்கு மாற வேண்டும். ஒவ்வொரு காய்ச்சலும் இதே காய்ச்சல்தான் என்று எண்ணிவிடக் கூடாது என்பதே என் பெரிய கவலை. மழைக்காலத்தில் டெங்குவும் வரும், பள்ளியிலிருந்து சாதாரண வைரஸ் காய்ச்சலும் வரும். சளி, இருமல், வயிற்றுப்போக்கு என்று வழக்கமில்லாத ஏதேனும் இருந்தால் ஸ்டீராய்டைத் தொடாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். அம்மை கண்டவரோடு குழந்தை பழகியிருந்தாலும் அப்படியே.

காய்ச்சல் வராமல் தடுக்க நாள்தோறும் கொல்கிசின் கொடுக்கும் முறையும் உண்டு. சிலருக்கு இடைவெளி நீளும். வயிற்றுப்போக்கு அதன் முக்கியப் பக்கவிளைவு.

டான்சில் அறுவையைப் பொறுத்தவரை, 2007இல் ஃபின்லாந்திலும் 2009இல் இத்தாலியிலும் வெளிவந்த இரண்டு ஆய்வுகள், அறுவை செய்த குழந்தைகளில் மிகப் பலருக்குக் காய்ச்சல் நின்றதைக் காட்டின. இரண்டும் சிறிய ஆய்வுகள். ஆயினும் முடிவு ஒரே திசையில் இருக்கிறது. மயக்க மருந்தும், அறுவைக்குப் பின் முதல் நாளிலோ ஒரு வாரம் கழித்தோ ஏற்படக்கூடிய ரத்தக்கசிவும் அதன் ஆபத்துகள். தானே மறையக்கூடிய நோய்க்கு அறுவையை முதல் வழியாக நான் சொல்ல மாட்டேன். காய்ச்சல் அடிக்கடி வந்து, ஸ்டீராய்டும் பயன்படாமல், குழந்தையின் பள்ளியும் பெற்றோரின் வேலையும் குலைந்துபோகும் வீடுகளில் அதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

குழந்தை எழுப்பினாலும் எழாமல் மயங்கிக் கிடந்தாலும், மூச்சு வாங்கினாலும், கழுத்து விறைத்தாலும், வலிப்பு வந்தாலும், எட்டு மணி நேரம் சிறுநீர் கழிக்காவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஐந்து நாள்களைத் தாண்டியும் காய்ச்சல் நீடித்து, கண்களும் உதடுகளும் சிவந்திருந்தால் கவாசாகி நோயாக இருக்கலாம். இதய ரத்தக்குழாய்களைக் காக்க, காய்ச்சல் தொடங்கிய பத்து நாள்களுக்குள் சிகிச்சை தர வேண்டும்.

பொருநைக்கரை:

மருத்துவர் சிறுநீரைப் பற்றிச் சொல்லவில்லை; எங்கள் அனுபவத்தால் அதைச் சேர்க்க விரும்புகிறேன். என் இளைய மகளுக்கு இரண்டு வயதில் ஒன்றிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை சளியில்லாத காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. தொண்டை என்றார்கள், பல் முளைக்கிறது என்றார்கள். இறுதியில் ஒரு மருத்துவர் ஆன்டிபயாடிக்கை நிறுத்திவைத்து, முதலில் சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பினார். கிருமி இருந்தது. ஸ்கேன்கள் எடுத்தபோது, சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேல்நோக்கிச் சிறுநீரகத்துக்கே திரும்புவது தெரியவந்தது. இரவுதோறும் சிறிய அளவில் தடுப்பு மருந்து, மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுதல், தொடர் கண்காணிப்பு என்று இப்போது நலமாக இருக்கிறாள். மாதிரி எடுக்கும்போது பையை ஒட்டி எடுக்காமல், கழுவிச் சுத்தம் செய்து, நடுவில் வரும் சிறுநீரை நேரடியாகப் பிடியுங்கள்.

அமராவதிக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சிறுநீர் கல்ச்சர் இதுவரை செய்யவில்லை; நலமாக இருக்கும்போது ரத்தமும் எடுத்ததில்லை. இரண்டையும் கேட்கப்போகிறேன். மருத்துவரிடம் இன்னும் ஒரு கேள்வி. எங்கள் தோட்டத்தில் கண்வலிக் கிழங்கு பயிரிட்டிருக்கிறோம். அந்த விதையிலிருந்துதான் கொல்கிசின் எடுக்கிறார்கள் என்று வியாபாரிகள் சொல்வார்கள். நீங்கள் சொன்ன மருந்து அதுதானா? அதை அறிந்த உறவினர் ஒருவர், விதையைக் கஷாயமாக்கிச் சிறிதளவு கொடுக்கலாமே என்கிறார்.

மருத்துவர்_மதுரை:

அம்மா, அதே பொருள்தான். ஆனால் தயவுசெய்து அந்தக் கஷாயத்தை நினைத்தும் பார்க்காதீர்கள். மாத்திரையில் இருப்பது மில்லிகிராமில் பாதி அளவு, சோதித்து அளந்தது. விதையிலும் கிழங்கிலும் எவ்வளவு இருக்கிறது என்பது செடிக்குச் செடி மாறும்; உயிர்போகும் அளவுக்கும் மருந்தின் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கண்வலிக் கிழங்குச் செடியின் பூவான செங்காந்தள் நம் மாநில மலர். அதன் கிழங்கைத் தின்று இறந்தவர்களும் நம் மாநிலத்தில் உண்டு. முதலில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் சில மணி நேரம் கழித்தே தொடங்கும். அதற்குள் நஞ்சு உடலில் ஊறியிருக்கும். பின்னர் எலும்பு மஜ்ஜையும் சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்படும். எளிதில் கிடைக்கும் மாற்றுமருந்தும் அதற்கு இல்லை. காய உலர்த்தும் விதைகளைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்கள் கைகழுவாமல் குழந்தைக்குச் சோறூட்ட வேண்டாம். வாயில் போட்டிருப்பான் என்ற ஐயம் வந்தாலே, வாந்திக்காகக் காத்திராமல் 108க்கு அழையுங்கள்.

பொருநைக்கரை அவர்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அடுத்த காய்ச்சலின் முதல் நாளில், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் சிறுநீரும் ரத்தமும். நின்று இரண்டு வாரம் கழித்து மீண்டும் ரத்தம். அந்த முடிவுகளோடு தேதிக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு கோவை மருத்துவரைப் பாருங்கள். அதுவரை ஸ்டீராய்டோ அறுவையோ முடிவு செய்ய வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.